மேட்டூர் தண்ணியும் நம்ம கிணத்துத் தண்ணியும்

ஆடி மாசத்தில் மேட்டூர் அணை நிரம்பி, பதினாறு கண் மதகு வழியாக வெள்ளம் புரண்டு ஓடுவதைப் பார்க்க நம்ம பக்கத்து ஜனங்கள் பஸ் பிடித்துப் போகிறார்கள். பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினால் ஓமலூர், தாரமங்கலம், ஆட்டையாம்பட்டி, ராசிபுரம் பக்கம் பல ஏரிகளில் சீமைக் கருவேலம்தான் நிற்கிறது. "அணை நம்ம சீமையில, தண்ணி மட்டும் தஞ்சாவூருக்கா?" என்று டீக்கடையில் யாராவது ஒருத்தர் கேட்காத வருஷம் இல்லை. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல ஒரு நூறு வருஷத்து வரவு செலவைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் ஒரு அளவு. பத்திரிகையில் டி.எம்.சி., டி.எம்.சி. என்று போடுகிறார்களே, ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. நம்ம கணக்குக்குச் சொல்வதானால், சுமார் 23 ஆயிரம் ஏக்கரில் ஒரு அடி உயரம் தண்ணி கட்டி நிறுத்தினால் அது ஒரு டி.எம்.சி. ஆற்றில் நொடிக்குச் சுமார் 11,600 கன அடி வீதம் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஓடினாலும் அதே அளவுதான். இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

மேட்டூர் அணை வருவதற்கு முன்னால் காவிரிக்குக் கணக்குப் பிள்ளை கிடையாது. குடகு மலையில் மழை பெய்தால் வெள்ளம் வரும், பெய்யாவிட்டால் மணல் தெரியும். தஞ்சாவூர்க்காரர்கள் கரிகாலன் காலத்துக் கல்லணையை வைத்தும், 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையை வைத்தும் ஓடுகிற தண்ணியைப் பிரித்துக்கொண்டார்களே தவிர, ஒரு சொட்டுக்கூடத் தேக்கி வைக்க முடியவில்லை. நாற்று விடுகிற சமயத்தில் ஆறு வறண்டிருக்கும், கதிர் சாய்கிற சமயத்தில் வெள்ளம் வரும். வருஷத்தில் மொத்தமாக வருகிற தண்ணி போதுமானதாக இருந்தாலும், தேவைப்படுகிற மாசத்தில் இல்லாவிட்டால் அது பஞ்சம்தான். ஆற்றுப் படுகையில் வரத்தும் தேவையும் ஒத்துப்போவது என்றால் அளவு மட்டும் பார்த்தால் போதாது, பருவமும் பார்க்க வேண்டும். இது மானாவாரி போடுகிற நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய விஷயம் இல்லை.

மேலே மைசூர் சமஸ்தானம், கீழே சென்னை ராஜதானி. இரண்டு பேருக்கும் 1892-லேயே ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது. மைசூர் புதிதாக அணை கட்டுவதானால் கீழே உள்ளவர்களின் சம்மதம் வேண்டும் என்பது அதன் சாரம். 1911-ல் விசுவேசுவரய்யா கண்ணம்பாடியில் அணை கட்ட ஆரம்பித்ததும் தகராறு முற்றியது. பஞ்சாயத்து, தீர்ப்பு, மேல்முறையீடு என்று பல வருஷம் இழுத்து, கடைசியில் 1924 பிப்ரவரியில் கையெழுத்தாயிற்று. கண்ணம்பாடியில் 44.8 டி.எம்.சி., மேட்டூரில் 93.5 டி.எம்.சி. என்று கொள்ளளவு முடிவாயிற்று. மேட்டூரை வைத்து சென்னை ராஜதானி புதிதாக 3 லட்சத்து ஓராயிரம் ஏக்கர் பாசனம் செய்துகொள்ளலாம் என்றும் எழுதினார்கள். அதே 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம், ஆற்றைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதைத் தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போயிற்று.

1925-ல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21-ல் அணை திறக்கப்பட்டது. கர்னல் எல்லிஸ் தலைமைப் பொறியாளர். கவர்னர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். அந்த 3 லட்சம் ஏக்கர் எங்கே போயிற்று என்றால், கல்லணைக் கால்வாய் வெட்டி பட்டுக்கோட்டைப் பக்கத்துக்கும், பழைய வடவாற்றை நீட்டி மன்னார்குடிப் பக்கத்துக்கும் போயிற்று. சேலத்துக்கு அந்தக் கணக்கில் இடம் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? ஓரவஞ்சனை என்று சொல்வதற்கு முன்னால் நிலத்தின் மட்டத்தைப் பாருங்க. மேட்டூர் அணை 120 அடிக்கு நிரம்பி நிற்கும்போது அந்தத் தண்ணியின் மட்டம் கடலிலிருந்து 790 அடி உயரம். சேலம் நகரம் கடலிலிருந்து 900 அடிக்கு மேல். அதாவது அணை ததும்பினாலும் தண்ணி சேலத்தைவிட நூறு அடிக்கும் கீழேதான் நிற்கிறது. தண்ணி மேட்டுக்கு ஏறாது. அந்தக் காலத்தில் அவ்வளவு தண்ணியை மேலே தூக்கும் மோட்டாரும் கிடையாது, அதற்குச் செலவழிக்கிற மனசும் வெள்ளைக்காரனுக்கு இல்லை. ஆகவே வாட்டம் இருந்த பக்கம் தண்ணி போயிற்று.

நாம் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். நீர்த்தேக்கத்தின் பரப்பு 59 சதுர மைல், சுமார் 38 ஆயிரம் ஏக்கர். காவிரிக் கரையில் இருந்த நல்ல வண்டல் பூமியும் ஊர்களும் அதற்குள்ளே போயின. அணை மட்டம் ரொம்ப இறங்குகிற வருஷத்தில் பண்ணவாடி பக்கம் பழைய ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரிகின்றன. அதைப் பார்க்கவும் கூட்டம் போகிறது. அணை நிரம்பினாலும் கூட்டம், வற்றினாலும் கூட்டம்!

ஒன்று மறக்கக் கூடாது. காவிரித் தண்ணி மேட்டூர் வந்த பிறகுதான் நம்ம பக்கம் பாய ஆரம்பித்தது என்று நினைத்தால் தப்பு. ஜேடர்பாளையத்தில் ஆற்றை மறித்து, ராஜா வாய்க்கால், குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் என்று இன்றைக்கும் சுமார் 16 ஆயிரம் ஏக்கர் பாய்கிறது. பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் வெட்டிய வாய்க்கால் இது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஜேடர்பாளையத்தில் அவர் பெயர் இன்றும் மரியாதையாக நிற்கிறது. பரமத்தி வேலூர் வெற்றிலையும் மோகனூர் வாழையும் கரும்பும் இந்த வாய்க்காலால் வந்தவை. மேட்டூருக்கு முன்னால் ஆற்றோட்டத்தை நம்பி இருந்த வாய்க்கால், மேட்டூருக்குப் பின்னால் அணைத் திறப்பை நம்பி இருக்கிறது. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது டெல்டாவின் நெல்லை வைத்து ஏற்பட்ட வழக்கம். வெற்றிலைக்கொடி ஜனவரி 28-ஐ அறியாது. அதற்கு மாசியிலும் பங்குனியிலும் தண்ணி வேண்டும். ஒரே ஆற்றில் இரண்டு வகைத் தேவை இருந்தால் ஒரே காலண்டர் போதாது என்பதற்கு வேலூர் வெற்றிலைக்கால்தான் நமக்குப் பக்கத்திலேயே உள்ள சாட்சி.

சுதந்திரத்துக்குப் பிறகு மேட்டூரிலிருந்து கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால்கள் வந்தன. சேலம், நாமக்கல், ஈரோடு மூன்று மாவட்டத்திலும் சேர்த்து 45 ஆயிரம் ஏக்கர். கிழக்குக் கரையில் 27 ஆயிரம், மேற்குக் கரையில் 18 ஆயிரம். ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள், சுமார் 9.6 டி.எம்.சி. கணக்குப் போட்டால் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 5 அடித் தண்ணி. வாய்க்காலில் ஊறிப் போவதைக் கழித்தாலும் ஒரு நெல் போகத்துக்குக் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். ஆனால் இதுவும் ஆற்றோரத்து மட்டமான பூமிக்குத்தான். அணையில் தண்ணி போதாத வருஷத்தில் ஆகஸ்ட் 1 தள்ளிப் போகும்.

அப்படியானால் மற்ற சேலம், நாமக்கல் சீமைக்கு மேட்டூர் ஒன்றுமே தரவில்லையா? தந்தது. தண்ணியாகத் தரவில்லை, கரண்டாகத் தந்தது. 1937-ல் மேட்டூரில் மின்சார உற்பத்தி ஆரம்பமாயிற்று. அதுவரைக்கும் நம்ம தோட்டத்தில் கவலை ஏற்றம்தான். இரண்டு மாடு, ஒரு சால், வாரியில் இறங்கி ஏறி, விடியற்காலையிலிருந்து பத்து மணி வரைக்கும் இறைத்தால் மாடு களைத்துவிடும், தண்ணி நின்றுவிடும். மாடு நின்ற இடத்தில் கிணறும் தப்பித்தது. மின்சார மோட்டார் வந்த பிறகு அந்தக் கட்டுப்பாடு போயிற்று. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அது நமக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குச்சிக்கிழங்கும் மஞ்சளும் கரும்பும் இந்த மேட்டுப் பூமியில் பரவியது மோட்டாரால்தான்.

காவிரிப் படுகையின் கணக்கு இங்கேதான் இரண்டாகப் பிரிந்தது என்று நான் நினைக்கிறேன். ஆற்றில் ஓடுகிற தண்ணிக்கு ஒப்பந்தம், அளவுகோல், அதிகாரி எல்லாம் இருந்தது. நிலத்துக்குள்ளே இருக்கிற தண்ணிக்கு எதுவும் இல்லை. ஆற்றில் பங்கு கிடைக்காத நம்ம தேவை முழுவதும் அந்தக் கணக்கில்லாத பக்கத்தில் போய் விழுந்தது.

நம்ம பூமி எப்படிப்பட்டது? மேலே பத்து, இருபது, சில இடத்தில் முப்பது அடிக்கு உடைந்த பாறை. கீழே கெட்டிப் பாறை. தஞ்சாவூர் வண்டல் பஞ்சு மாதிரி தண்ணியைக் குடித்து வைத்துக்கொள்ளும். நம்ம பாறையின் வெடிப்பில் கொஞ்சம்தான் நிற்கும். மழையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கினால் பெரிய காரியம். அறுநூறு அடி, எண்ணூறு அடி என்று போர் போட்டால் கிடைப்பது புதிய தண்ணி அல்ல, பெரும்பாலும் மேலே இருந்ததே வெடிப்பு வழியாகக் கீழே இறங்கி வந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றுவது அதனால்தான். இன்றைக்கு நம்ம இரண்டு மாவட்டத்திலும் பல பிர்க்காக்கள், ஊறுகிறதைவிட அதிகமாக இறைக்கப்படுகிறவை என்ற அரசுப் பட்டியலில் இருக்கின்றன.

ஒரு கணக்குப் போடுவோம், தோராயமாகத்தான். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் மழை பெய்தால் அது சுமார் 1 லட்சம் லிட்டர். நாமக்கல் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 30 அங்குலம் மழை என்றால் ஏக்கருக்கு 30 லட்சம் லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு, 3 லட்சம் லிட்டர், நிலத்தில் இறங்குகிறது. ஒரு ஏக்கர் கரும்புக்கு வருஷத்தில் 80 லட்சம் லிட்டர் வேண்டும். மழையாக நேரே 20 லட்சம் கிடைத்தது என்று வைத்தாலும் மீதி 60 லட்சம் கிணற்றிலிருந்து வர வேண்டும். 60-ஐ 3-ஆல் வகுத்தால் 20. ஒரு ஏக்கர் கரும்பு, இருபது ஏக்கர் பூமியில் இறங்கின மழையைக் குடிக்கிறது! வாய்க்காலும் ஏரியும் பக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கு மாறும். மேட்டாங்காட்டில் மாறாது. நிலக்கடலைக்கு 20 அங்குலம், சோளத்துக்கு 16 அங்குலம் போதும். அதில் பாதிக்கு மேல் மழையே கொடுத்துவிடும்.

சொட்டு நீர்ப் பாசனம் போட்டால் தீர்ந்துவிடும் என்று நாங்களே ஊர் ஊராகச் சொல்லி வருகிறோம். தண்ணி மிச்சமாவது உண்மை. ஆனால் மிச்சமான தண்ணியில் இன்னும் ஒரு ஏக்கர் நட்டுவிட்டால் கிணறு அதே ஆழத்துக்குத்தான் போகும். உங்க வருமானம் கூடும், ஊர்க் கிணற்று மட்டம் ஏறாது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

மறுபடி ஆற்றுக்கு வருவோம். 1924 ஒப்பந்தத்தில், 50 வருஷம் கழித்து, அதாவது 1974-ல், சில அம்சங்களை மறுபடி பார்க்கலாம் என்று இருந்தது. அதற்குள் கர்நாடகத்தில் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று அணைகள் எழுந்துகொண்டிருந்தன. மேட்டூர் வரத்து குறைந்தது. 1990-ல் நடுவர் மன்றம், 1991-ல் இடைக்காலத் தீர்ப்பு, 2007 பிப்ரவரியில் இறுதித் தீர்ப்பு. காவிரியின் மொத்த வளம் 740 டி.எம்.சி., அதில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தார்கள். 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆக்கியது. எல்லையில் பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது 192-லிருந்து 177.25 டி.எம்.சி. ஆயிற்று. அதே வருஷம் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது.

இதில் நம்ம ஜனங்கள் சரியாகக் கவனிக்காத இரண்டு விஷயம் இருக்கிறது.

அந்த 740 டி.எம்.சி. ஒவ்வொரு வருஷமும் வருகிற தண்ணி அல்ல. நூறு வருஷம் என்றால் ஐம்பது வருஷத்தில் அவ்வளவோ அதற்கு மேலோ வரும் என்ற கணக்கு. மற்ற ஐம்பது வருஷத்தில் குறையும். குறைகிற வருஷத்தில் எல்லோர் பங்கும் அதே விகிதத்தில் குறைய வேண்டும் என்பது தீர்ப்பு. எந்த மாசத்தில் எவ்வளவு குறைப்பது என்பதில்தான் சண்டை. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் மேட்டூரைத் திறக்க முடியவில்லை. 2023-ல் ஜூன் 12-ல் திறந்தும், வரத்து இல்லாமல் அக்டோபரிலேயே மூட வேண்டி வந்தது. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். இதுதான் காவிரி. சராசரியை வைத்து நாற்று விட முடியாது.

இரண்டாவது விஷயம், உச்ச நீதிமன்றம் நம்ம பங்கில் 10 டி.எம்.சி.யைக் குறைக்கச் சொன்ன காரணம். தமிழ்நாட்டு டெல்டாவில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் பாதியையாவது கணக்கில் எடுக்க வேண்டும் என்றார்கள். டெல்டா விவசாயிகளுக்கு அது கசப்பான தீர்ப்பு. ஆனாலும் அத்தனை வருஷமாகக் கணக்குக்கு வெளியே இருந்த நிலத்தடி நீர், அன்றைக்குத்தான் காவிரிப் பங்கீட்டில் ஒரு வரியாக ஏறியது. நம்ம கிணறுகளை யாரும் இன்னும் அந்தப் புத்தகத்தில் எழுதவில்லை. எழுதுகிற நாள் வந்தால், நம்மிடம் இருப்பு என்று காட்ட என்ன இருக்கும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

சரி, மேட்டுக்குத் தண்ணியை ஏற்றும் முயற்சியைப் பார்ப்போம். 2018 ஆகஸ்டில் மேட்டூருக்கு நொடிக்கு 2 லட்சம் கன அடி வரை வந்தது. அந்த வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஆகஸ்ட் 22 ராத்திரி அடித்துக்கொண்டு போயின. தண்ணி கடலுக்குப் போயிற்று. நம்ம ஏரிகள் காய்ந்தே கிடந்தன. அதற்குப் பிறகுதான் மேட்டூர் உபரி நீரைச் சரபங்கா வடிநிலத்து 100 ஏரிகளுக்கு ஏற்றும் திட்டம் வேகம் பிடித்தது. 565 கோடி ரூபாய். 2020 மார்ச்சில் அடிக்கல், 2021 பிப்ரவரியில் முதல் கட்டம் தொடக்கம். திப்பம்பட்டியில் மோட்டார் வைத்துக் குழாய் வழியாகத் தண்ணி ஏறுகிறது. எடுப்பது 0.555 டி.எம்.சி., பாசனம் 4,238 ஏக்கர். டெல்டாவில் எதிர்ப்புக் குரல் எழுந்தது.

இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2 லட்சம் கன அடி ஓடுகிற நாளில் இந்த 0.555 டி.எம்.சி. முக்கால் மணி நேரத்துத் தண்ணிதான். அன்றைக்கு எடுத்தால் தஞ்சாவூருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் மோட்டார் அப்படி முக்கால் மணியில் இறைக்காது. நொடிக்கு சுமார் 214 கன அடி வீதம் 30 நாள் ஓட வேண்டும். வெள்ளம் பத்து நாளில் வடிந்துவிட்டால் மீதி இருபது நாள் எடுப்பது உபரியா, பங்கா? டெல்டாக்காரர்கள் பயப்படுவது இந்த இடத்தில்தான். அணை நிரம்பாத வருஷத்தில் மோட்டார் ஓடக் கூடாது என்பதை நாமே ஒப்புக்கொள்வதுதான் நமக்கும் மரியாதை. 2013-க்கும் 2018-க்கும் நடுவில் அணை நிரம்பவே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே திட்டம் நல்லது. ஆனால் நம்ம பிழைப்பை அதன் மேல் மட்டும் வைக்க முடியாது. நம்ம சொந்த ஆறுகள் என்னாயிற்று? சேர்வராயன் மலைத் தண்ணியைக் கொண்டுவரும் சரபங்கா, ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகிறது. திருமணிமுத்தாறு சேலத்துக்குள் புகுந்து நகரத்துச் சாக்கடையைச் சுமந்துகொண்டு ஆட்டையாம்பட்டிப் பக்கம் வருகிறது. ஆத்தூர்க்காரர்களின் வசிஷ்ட நதி காவிரிக்கே போகாது, வெள்ளாற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. அங்கே மேட்டூரைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமே இல்லை. இந்தச் சின்னப் படுகைகளுக்குத்தான் அந்தக் காலத்தில் ஏரிக்குக் கீழே ஏரி என்று வரிசையாகக் கட்டினார்கள். மேல் ஏரி கோடி போனால் கீழ் ஏரிக்கு வரத்து. நடுவில் ஒரு ஓடையை மேவி வீட்டுமனை போட்டால் கீழே நாலு ஊர் காய்கிறது. மைசூருக்கும் தஞ்சாவூருக்கும் நடந்த வழக்கு, சின்ன அளவில் நம்ம இரண்டு ஊருக்கு நடுவில் நடக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். தை மாசம் ஒரு தரமும் சித்திரை மாசம் ஒரு தரமும், மோட்டார் போடாத காலை வேளையில் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு, தரையிலிருந்து எத்தனை அடியில் தண்ணி என்று அளந்து நோட்டில் தேதியோடு எழுதுங்க. ஒரே ஓடைக்கரையில் உள்ள பத்துக் கிணற்றுக்காரர்கள் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. தை மாசத்து மட்டம் போன வருஷத்தைவிட இறங்கியிருந்தால், அந்த வருஷம் கரும்பு, மஞ்சள் பரப்பைக் குறைத்து, நிலக்கடலை, எள், உளுந்து என்று போய்விடுங்க. முதல் மழைக்கு முன்னால், வைகாசிக்குள், ஏரிக்கு வரும் ஓடையை ஊராகக் கூடி ஒரு தரம் நடந்து பாருங்க, எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியும். இரண்டு மூன்று வருஷத்து நோட்டு சேர்ந்ததும் அதை எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாங்க. உங்க தோட்டத்துக்கு எத்தனை ஏக்கர் எந்தப் பயிர் தாங்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போடலாம்.